கறுப்புப் பாதி, நீலப் பாதி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. ஜெபகனி சொல்லிக் கேட்டது. அவள் நாகர்கோவில்காரி, சீனாவில் நான்காம் ஆண்டு மருத்துவம் படிப்பவள். விடுமுறைக்கு வந்திருந்தபோது, சான்றிதழில் முத்திரை வாங்குகிற வரிசையில் மூன்று மணி நேரம் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இதைச் சொன்னது, அதே பல்கலைக்கழகத்தில் சீன மொழி படிக்கிற கோவில்பட்டிப் பெண் இசக்கியம்மாள். ஆக இரண்டு வாய் தாண்டி வந்த கதை. பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் போட வேண்டாம் என்று இசக்கி கேட்டுக்கொண்டாளாம், போடவில்லை. கதை நடக்கிற ஐம்பது நிமிடத்தில் இசக்கியின் மனதில் ஓடியதில் பெரும்பகுதி அவளே ஜெபகனியிடம் வாய்விட்டுச் சொன்னதுதான். விட்டுப்போன இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

முந்நூற்று ஏழாம் எண் அறையில் இசக்கியம்மாளும் ஒரு வெள்ளைத்தாளும் மட்டும் இருந்தார்கள். மணி இரண்டு பத்து. மூன்று மணிக்குள் தாளை நிரப்பிக் கீழே கொண்டுவந்து கொடு என்று சொல்லிவிட்டு மாணவர் அலுவலகத்துப் பெண் கதவைச் சாத்தாமல் போய்விட்டாள். சாத்தியிருக்கலாம். திறந்த கதவு வழியாகப் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியருக்குப் பின்னால் கோரஸாகச் சொல்வது கேட்டது, நூலகம் எங்கே இருக்கிறது, நூலகம் கிழக்கே இருக்கிறது, நூலகம் எங்கே இருக்கிறது, நூலகம் கிழக்கே இருக்கிறது, எத்தனை தடவை கேட்டாலும் அது கிழக்கேதானே இருக்கும். ஜன்னல் வழியாகப் பஞ்சு பறந்து வந்தது. சாலை ஓரத்து பாப்லர் மரங்கள் ஏப்ரலில் இப்படித்தான் பஞ்சு விடுமாம். பத்து நாள் முன்னால் முதல்முதலாகப் பார்த்தபோது உள்ளங்கையில் ஏந்திப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள், நம்மூர் இலவம்பஞ்சு மாதிரி இருக்கும்மா என்று. இன்று அது மூக்கில் ஏறித் தும்மலாக வந்தது. தும்மினால் கண் கலங்கும், கண் கலங்கினால் அந்தப் பெண் வந்து பார்த்து அழுகிறாள் என்று நினைப்பாள், அழுதால் தப்பு செய்தவள் என்று ஆகும், ஆகவே தும்மக்கூடாது. தாளுக்குப் பக்கத்தில் ஒரு மாதிரிக் கடிதம் இருந்தது. என்ன தப்பு என்பதற்கு மட்டும் கோடு போட்டு இடம் விட்டு மற்றதெல்லாம் அச்சடித்திருந்தார்கள். நான் இன்ன தவறைச் செய்தேன், அதன் கடுமையை ஆழமாக உணர்கிறேன், இனி ஒருபோதும் செய்ய மாட்டேன், ஆசிரியர் என்னை மன்னிக்க வேண்டுகிறேன். இதைப் பார்த்து நீட்டி ஐந்நூறு எழுத்துக்குக் குறையாமல் எழுத வேண்டும். எழுதிக் கொடுத்தால் ஓர் எச்சரிக்கையோடு போய்விடும். கொடுக்காவிட்டால் விசாரணைக் குழுவுக்குப் போகும். குழு, நேர்மை இல்லாதவள் என்று எழுதினால் உதவித்தொகை நிற்கும். உதவித்தொகை நின்றால் ஜூலையில் கோவில்பட்டி. என்ன சௌகரியம் பாருங்கள், தப்பை மட்டும் நீ போட்டுக்கொள், உணர்ச்சியெல்லாம் நாங்களே அச்சடித்து வைத்திருக்கிறோம்.

அந்தக் கோட்டில் அவள் போட வேண்டிய தப்பு, வேறு ஆளை வைத்து வீட்டுப்பாடம் எழுதினேன் என்பது. அவள் அப்படிச் செய்யவில்லை. மூன்று நாள் விடுமுறைக்கு குவோ லாவ்ஷி பதினெட்டு எழுத்துகள் கொடுத்திருந்தார். அங்கே ஆசிரியரைப் பெயரோடு லாவ்ஷி சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். ஒவ்வொன்றும் நாற்பது தடவை, கட்டம் போட்ட நோட்டில், ஆக எழுநூற்று இருபது கட்டம். எழுநூற்று இருபதையும் இசக்கிதான் எழுதினாள், இந்த வலது கைதான் எழுதியது, நடுவிரலில் இன்னும் காய்ப்பு இருக்கிறது, வேண்டுமானால் தொட்டுப் பார்க்கட்டும். பார்த்தாரா? நோட்டைத் திறந்தார். எல்லா எழுத்திலும் இடப்பாதி கறுப்பு, வலப்பாதி நீலம். ஒரு பக்கம், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம். குவோ லாவ்ஷியின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி களைப்பு, இதுவும் அப்படித்தானா என்பது போல. யார் இன்னொரு ஆள் என்று கேட்டார். நான்தான் எழுதினேன் என்றாள். நீ ஒரு பாதி எழுதினாய், சரி, மறுபாதி யார் என்றார். நான்தான் எழுதினேன் என்றாள். மூன்றாவது தடவை சொன்னபோது அவளுக்கே அது பொய் மாதிரிக் கேட்டது. எந்தக் கிறுக்கன் ஓர் எழுத்தின் வலப்பாதியை மட்டும் எழுதிக் கொடுப்பான் என்று கேட்டிருக்க வேண்டும். எழுதித் தருகிறவன் முழுசாக எழுதித் தர மாட்டானா, பாதி வீட்டைக் கட்டிவிட்டுப் போகிற கொத்தனார் உண்டா? கேட்கத் தோன்றத்தான் செய்தது. கிறுக்கன் என்பதற்குச் சீனத்தில் என்ன, கொத்தனாருக்கு என்ன? ஏழு மாதத்தில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பழக்கடை, பேருந்து நிறுத்தம், தலைவலி, நூலகம் கிழக்கே இருக்கிறது. போன மாதம் இரண்டு பையன்கள் நிஜமாகவே ஆள் வைத்து எழுதிப் பிடிபட்டார்கள், அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, அதில் இவள் போய் விழுந்தாள். சரி, சந்தேகப்படட்டும், ஆசிரியர் சந்தேகப்படுவது உலகத்தில் புதிதா. ஆனால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, இருபத்திரண்டு பேர் இருக்கிற வகுப்பின் கைப்பேசிக் குழுவில் போட்டது எதற்கு? பெயர் போடவில்லை. பெயர் எதற்கு? நோட்டின் ஓரத்தில் அவள் ஒட்டியிருந்த மஞ்சள் பூ ஸ்டிக்கர் தெரிகிறதே, அது போதாதா. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற முகம் போட்டிருந்தார்கள். யார் என்று பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரி. நேற்றுவரை அழிப்பான் கடன் வாங்கியவள்.

இதில் மர்மம் ஒன்றும் இல்லை, தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். இம்போசிஷன் எழுதாத பிள்ளை யார்? நான் வகுப்பில் பேச மாட்டேன் என்று நூறு தடவை எழுதச் சொன்னால் எந்தப் பிள்ளை முழு வாக்கியமாக எழுதும்? முதலில் மேலிருந்து கீழே நான் நான் நான், ஒரு பக்கம் முடியும். பிறகு வகுப்பில் வகுப்பில் வகுப்பில். பிறகு பேச. கடைசியில் மாட்டேன். கடைசி வரிசை கையொடிந்து கோணலாகப் போகும். சில பேர் இரண்டு பேனாவை ரப்பர் பேண்டில் கட்டி ஒரே இழுப்பில் இரண்டு வரி எழுதுவார்கள். இசக்கி அதைச் செய்ததில்லை, அது ஏமாற்று என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது, கீழ்நோக்கி எழுதுவது ஏமாற்று இல்லை, அது வழி. பதினெட்டு எழுத்தையும் பார்த்ததும் அவள் கை அந்த வழியைத்தான் பிடித்தது. பதினெட்டும் இடப்பாதியும் வலப்பாதியும் ஒட்டிய எழுத்துகள், அவற்றில் ஏழுக்கு இடப்பக்கம் நீரைக் குறிக்கிற மூன்று துளி, ஐந்துக்குப் பேச்சின் அடையாளம், ஆறுக்குக் கை. முதலில் துளிகளை எல்லாம் வரிசையாகச் சொட்டினாள், இருநூற்றெண்பது கட்டத்தில். பிறகு பேச்சு, பிறகு கை. இரண்டாம் நாள் மத்தியானம் இடப்பாதிகள் முடியவும் கறுப்புப் பேனாவில் மை தீரவும் சரியாக இருந்தது. மேசையில் கிடந்த நீலத்தை எடுத்து வலப்பாதிகளைப் போட்டாள். அவ்வளவுதான் குற்றம். மை இரண்டு துளி கூடுதலாக இருந்திருந்தால் இன்றைக்கு அவள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு பேனாவின் குடல் காலியானதற்கு மனுஷி நேர்மையில்லாதவள் ஆவாளா? ஊரில் கணக்கு டீச்சர் பார்த்திருந்தால் ஏட்டி, கீழ கீழ எழுதுனியா, கழுத என்று நோட்டை மூஞ்சியில் எறிந்திருப்பார். அந்தத் திட்டு எவ்வளவு மரியாதையானது என்று இப்போது தெரிந்தது. அதில் குறைந்தது, நீதான் எழுதினாய் என்பதாவது இருந்தது.

கைப்பேசியில் ஜெபகனியக்காவின் குரல் பதிவு வந்து கிடந்தது. காதோடு ஒட்டிக் கேட்டாள். மக்கா, இதுக்கெல்லாம் போய் மூஞ்சியத் தூக்காத, இங்க எல்லாரும் எழுதுறதுதான், ரூம்ல கரண்டு அடுப்பு வச்சதுக்கு நானே ரெண்டு எழுதிக் குடுத்திருக்கேன், படிக்கக்கூட மாட்டாவ, எண்ணித்தான் பாப்பாவ, எழுதிக் குடுத்துட்டு சோறு திங்க வா. அக்கா சொல்வது நியாயம்தான். அக்கா சொல்வது எப்போதும் நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அக்காவின் அறையில் அடுப்பு இருந்தது. இருந்த அடுப்புக்கு இருந்தது என்று எழுதுவதும் இல்லாத ஆளுக்கு இருந்தான் என்று எழுதுவதும் ஒன்றா? எழுதினால் அந்த ஆளுக்கு ஒரு பெயர் வேண்டாமா, யார் என்று கேட்டால் யாரைக் காட்டுவது? ஒன்பதாம் வகுப்பில் ஒருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிரேயரில் பேசியதாக ஒரு வரிசை முழுவதையும் பிடித்து, மன்னிப்புக் கடிதம் எழுதி அப்பா கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். அவள் பேசவில்லை. நான் பேசவில்லை என்று சொன்னால் பேசியது யார் என்று கேட்பார்கள் என்று எழுதிவிட்டாள். அப்பா மில்லில் வாட்ச்மேன், இரவு டூட்டி முடிந்து வந்து தட்டு முன்னால் உட்கார்ந்தவர், கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அவர் பெயர் மட்டும். என்னம்மா போட்டுருக்கு இதுல என்று கேட்டார். சுற்றுலாவுக்குச் சம்மதம்ப்பா என்றாள். எந்த ஊருக்கு என்றார். குற்றாலம் என்றாள். அப்பா ஒவ்வோர் எழுத்தாக, சுழி சுழியாகத் தன் பெயரைப் போட்டார், போட்டு முடித்துத் தூரப் பிடித்து அழகு பார்த்தார், அருவியில பாத்து குளிக்கணும் தாயீ என்றார். செய்யாத தப்புக்கு எழுதிய ஒரு கடிதத்துக்காக அப்பாவிடம் ஒரு பொய், அந்தப் பொய்க்காக சுற்றுலா ரத்து என்று இன்னொரு பொய். இன்று வரைக்கும் நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது அந்தச் சம்மதம்தான். இப்போது இந்த மாதிரிக் கடிதத்தில் அவளுக்குத் தெரியாத சொற்கள் மூன்று இருக்கின்றன. அதன் அடியிலும் அவள் சுழி சுழியாகத் தன் பெயரைப் போட வேண்டும்.

மணி இரண்டு முப்பத்தைந்து. போடாவிட்டால் என்ன? ஜூலையில் கோவில்பட்டி ஸ்டேஷனில் இறங்க வேண்டும், பெட்டியோடு. அம்மா தீப்பெட்டி ஆபீஸில் இருபத்திரண்டு வருஷமாகக் குச்சி அடுக்குகிறவள். சைனா லைட்டர் வந்து தீப்பெட்டியின் வயிற்றில் அடித்தது என்று தெருவே கரித்துக்கொட்டுகிற ஊரில், மகள் சைனாவுக்குப் படிக்கப் போகிறாள் என்று சொல்வதற்கு அம்மாவுக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது. ஏட்டி, உங்கம்மா பொழப்பக் கெடுத்தவன் ஊருக்கேவா போற, வரும்போது எங்களுக்கும் ஒரு லைட்டர் வாங்கிட்டு வா என்று எதிர்வீட்டு மாரீஸ்வரி மதினி சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. அவ பாஷை படிக்கப் போறா மதினி, லைட்டரு செய்ய இல்ல என்றாள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகளில் சீன எஞ்சினியர்களுக்கு மொழிபெயர்க்க ஆள் தேடுகிறார்கள், பி.காம். முடித்த பிள்ளை சீனமும் படித்தால் உடனே வேலை என்று யாரோ சொன்னதை அம்மா இன்னும் தினமும் யாரிடமாவது சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த வாயை மூட வைப்பதா? குச்சி அடுக்குகிற சட்டத்துக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, என்னாச்சு உன் மக என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வாள்? மை தீர்ந்துபோச்சு என்றா? எழுதிவிடலாம். ஐந்நூறு எழுத்து. அம்மாவுக்காக ஒரு பொய். எழுதினால் யாருக்கு நஷ்டம், எவன் படிக்கப்போகிறான். ஆனால் கோப்பில் இருக்கும். கோப்பில் இசக்கியம்மாள், ஆள் வைத்து எழுதியவள், அவளே ஒத்துக்கொண்டிருக்கிறாள் என்று இருக்கும். நாளைக்கு வேறு ஏதாவது நோட்டில் வேறு ஏதாவது மை இருந்தால் இதையெடுத்துக் காட்டுவார்கள். அதெப்படி, ஒரு வார்த்தை என்ன நடந்தது என்று உட்காரவைத்துக் கேட்காமல், நேராக வருத்தப்படு என்கிறார்கள்? ஜுரமா என்று கேட்காமல் மருந்தை வாயில் ஊற்றுவதா? கோபத்தில் காது மடல் சுட்டது. அந்தச் சூடு நன்றாக இருந்தது, பயத்துக்கு அது மேல். நூலகம் கிழக்கே இருக்கிறது என்றது பக்கத்து வகுப்பு.

சரி, எழுதிப் பார்ப்போம், கடைசி வரியில் தொடங்குவோம், மன்னிக்க வேண்டுகிறேன் என்பதை முதலில் எழுதிவிட்டால் மற்றது தானாக வரும் என்று பேனாவை எடுத்தாள். மாதிரிக் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள், அதைப் பார்த்து எழுதுவது அவமானமாக இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லின் இரண்டாம் எழுத்து அந்தப் பதினெட்டில் ஒன்று, பேச்சின் அடையாளத்தில் தொடங்குவது, நாற்பது தடவை எழுதியிருக்கிறாள். ஒரு புள்ளி, ஒரு மடக்கு, மேல்நோக்கி ஒரு சுண்டல். இடப்பாதி அழகாக வந்தது. பிறகு கை நகர்ந்தது. வலப்பக்கம் போகவில்லை. கீழே போனது, அடுத்த வரிக்கு, அடுத்த கட்டத்தைத் தேடி. அங்கே இன்னொரு புள்ளி வைக்கப் போனபோதுதான் அவள் பேனாவை நிறுத்தினாள். மேலே பார்த்தாள். பேச்சின் பாதி தனியாக நின்றது. அதன் வலப்பக்கம் என்ன வரும்? கண்ணை மூடினாள். நீல மை தெரிந்தது. வடிவம் தெரியவில்லை. கூரை மாதிரி ஏதோ, கீழே சின்னதாக ஏதோ. வேறொன்று, அலை என்ற எழுத்து, மூன்று துளி, சரி, பிறகு? பிறகு கீழே இன்னொரு மூன்று துளி. நீந்துதல்? மூன்று துளி. பிடித்தல்? கை. வெறும் கை. பதினெட்டில் ஒன்றுகூட முழுசாக வரவில்லை. எழுநூற்று இருபது கட்டத்தை எழுதி, ஓர் எழுத்துகூட எழுதவில்லை. காதுச் சூடு அப்படியே கன்னத்துக்கு இறங்கி வேறு மாதிரி ஆனது. குவோ லாவ்ஷி தப்பாகத்தான் பிடித்தார், ஆனால் பிடிபடும்படியாக ஒன்று உண்மையிலேயே இருந்தது, அவர் கேட்காதது, அவருக்குத் தெரியாதது. நாற்பது தடவை என்று அவர் சொன்னதை இவள் தண்டனை என்று எடுத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் நாற்பது தடவை என்றால் அது தண்டனைதானே, அப்படித்தானே பழக்கினார்கள், கை வலிக்க வேண்டும், நோட்டு நிறைய வேண்டும், அவ்வளவுதானே கேட்டார்கள், யாராவது எழுதியது மனதில் நிற்கிறதா என்று கேட்டதுண்டா? அந்தக் கோபம் இப்போது யார் மேல் போவது என்று தெரியாமல் அறைக்குள் சுற்றியது. கணக்கு டீச்சர் மேல், ஒன்பதாம் வகுப்பு மேல், சிரித்த முகம் போட்டவள் மேல், கடைசியில் இந்த வலது கை மேல். கை பாவம், சொன்னதைச் செய்தது. இதை ஒத்துக்கொண்டால் அதையும் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமே என்று ஒரு பயம். இதை மறைத்தால் அதைச் செய்யவில்லை என்று சொல்கிற வாயில் பலம் இருக்காதே என்று இன்னொரு பயம். இரண்டு பயமும் மோதிக்கொண்டதில் நடுவில் சின்னதாக ஓர் இடம் கிடைத்தது. அவள் ஒரு தும்மல் தும்மினாள். நிம்மதியாக இருந்தது.

அதே தாளில், பாதி எழுத்தை அடிக்காமல், அதற்குக் கீழே எழுதினாள். அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்த சொற்களை மட்டும் எடுத்தாள். அத்தனையும் நான் எழுதினேன். வேறு யாரும் எழுதவில்லை. பேனாவில் மை இல்லாமல் போனது, அதனால் இரண்டு நிறம். முதலில் எல்லா இடதும், பிறகு எல்லா வலதும் எழுதினேன், அது என் பள்ளியின் பழக்கம், ஆகவே எழுதினேன், படிக்கவில்லை. இனி ஒவ்வொன்றாக எழுதுவேன். எண்ணிப் பார்த்தாள், எண்பது எழுத்துகூட இல்லை. மணி மூன்றடிக்க நாலு நிமிடம் இருந்தது. படியிறங்கிக் கொண்டுபோய் நீட்டினாள்.

அலுவலகத்துப் பெண்ணுக்கு வயது இவளைவிட இரண்டு மூன்று கூட இருக்கலாம். ஜெபகனியக்கா சொன்னதற்கு மாறாக, அவள் முதலில் எண்ணவில்லை, படித்தாள். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"மன்னிக்க வேண்டுகிறேன் என்பது எங்கே?"

"அந்த எழுத்து எனக்கு எழுதத் தெரியாது."

"மாதிரியில் இருக்கிறதே, பார்த்து எழுது."

"பார்த்து எழுதினால் அது நான் எழுதியது ஆகாது."

அந்தப் பெண் அவளை ஒரு கணம் பார்த்தாளாம். திட்டப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று இசக்கிக்குப் பிடிபடவில்லை. மேசை ஓரத்துத் தட்டில் தாளை வைத்து, அதன் மேல் வேறு தாள்களை வைத்து, நீ போகலாம் என்றாள். ஜூன் மாதம் குழுவின் முடிவு வந்தது. உதவித்தொகை நிற்கவில்லை. ஆனால் கோப்பில் ஒரு வரி ஏறியிருந்தது, மாணவி தவறை உணர மறுக்கிறாள் என்று. அதை ஜெபகனியிடம் சொன்ன இசக்கி, செய்யாததை உணர என்ன இருக்கிறது என்று கேட்டாளாம்.

பிறகு ஒன்றை நான் சரிபார்த்தேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் கையேட்டை ஜெபகனி எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். எண்பத்தெட்டாம் பக்கத்தை, ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து மொழிபெயர்த்து வாங்கினேன். இரண்டிலும் ஒன்றுதான் இருந்தது. யாரிடமும் வருத்தக் கடிதம் கேட்பதற்கு முன்னால் அந்த மாணவரை நேரில் அழைத்து என்ன நடந்தது என்று கேட்க வேண்டும், சீனம் போதாதவருக்கு அவருக்குத் தெரிந்த மொழியில் கேட்க வேண்டும். கையேடு மொத்தம் நூற்று முப்பது பக்கம், முழுக்கச் சீனத்தில். மொழி கற்க வந்த அந்த வகுப்பின் இருபத்திரண்டு பேருக்கும் அது முதல் வாரமே கொடுக்கப்பட்டது. படித்துப் புரிந்துகொண்டேன் என்ற தாளில் இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒன்பதாவது கையெழுத்து இசக்கியம்மாளுடையது.